ஒரு கமாவும் இரண்டு அடைப்புக்குறிகளும்

போன வியாழக்கிழமை மறுபடியும் கரவெட்டிக்குப் போனேன். ஒரேயொரு வரியைப் பார்க்க.

வல்லை வெளியில் எதிர்க்காற்று. சைக்கிளை மிதிப்பதா, இறங்கி உருட்டுவதா என்று முடிவெடுக்க விடாத காற்று. இரண்டையும் மாறி மாறிச் செய்தேன். ஒரு வரிக்காக இந்தப் பாடா என்று கேட்பீர்கள். எங்கள் பத்திரிகையில் வந்த வரி என்றாலும் பரவாயில்லை. இது கணினி அச்சடித்த வரி. அந்த வரியில் இருந்தவர் எனக்குச் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை.

ஆனாலும் போனேன். ஏன் என்று சொல்வதானால் சில மாதங்கள் பின்னால் போகவேண்டும்.

கரவெட்டியில் ஒரு நிவாரண சங்கம் இருக்கிறது. பூட்டிக் கிடந்த கடை ஒன்றின் பின்னறை. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிறின்ரர். மின்கம்பியில் காகம் மட்டும் இருக்கிற ஊரில் கணினி எதற்கு? நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

காணாமல் போனவர்களை அங்கே பதிகிறார்கள். கிளாலிக் கடலேரி கடந்து தெற்கே போய்ச் சேராதவர்கள், போய்ச் சேர்ந்தும் கடிதம் போடாதவர்கள், நடு வழியில் இறக்கப்பட்டவர்கள். பதிவுகள் பிளொப்பி ஒன்றில் ஏறி, கப்பல் வரும்போது பொதிகளோடு கொழும்புக்குப் போகும். அங்கே ஓர் அலுவலகம் அதைத் தன் பெரிய கணினிக்குள் எடுக்கும். பிறகு ஆஸ்பத்திரி, சிறை, முகாம் என்று விசாரித்து, கிடைத்ததை எழுதி அனுப்பும்.

சங்கத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஓவசியர். ஒரு காலத்தில் வடமராட்சித் தெருக்களுக்குத் தார் ஊற்றியவர். இப்போது ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறார். மூடியளவு பெற்றோலில் அதைக் கிளப்பி, இருமத் தொடங்கும்போது மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்த வேலையில் வேறொருவரையும் கைவைக்க விடமாட்டார். கணினியில் இருப்பவர் சுபா. இருபத்தைந்து வயதிருக்கும். பட்டணத்தில் கரண்ட் இருந்த காலத்தின் கடைசி கணினி வகுப்பில் படித்தவர்.

ஓவசியர் ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார். "பிழை பிடிக்கிற ஆள் ஒருத்தர் வேணுமாம்."

நான் போனேன். பிழை பிடிப்பதைத்தானே இத்தனை வருடமாகச் செய்து சம்பளம் வாங்குகிறேன்?

விஷயம் இதுதான். கொழும்பிலிருந்து குறிப்பு வந்திருந்தது. அனுப்பிய கோப்பில் பல வரிகளைத் தங்கள் கணினி ஏற்கவில்லை, திருத்தி அனுப்பவும். என்ன பிழை என்று சொல்லவில்லை. எந்தெந்த வரி என்று மட்டும் சொல்லியிருந்தது.

"ஏற்காட்டி என்ன நடக்கும்?" என்று சுபாவிடம் கேட்டேன்.

"அந்த ஆளைத் தேட மாட்டினம் சேர். அவையின்ரை கணினியிலை ஆள் இல்லைத்தானே."

சுபா விளக்கினார். ஆளுக்கு ஒரு வரி. வரிக்குள் ஐந்து விபரம். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம். எல்லாம் ஆங்கில எழுத்தில்; தமிழ் எழுத்து அந்தக் கணினிக்கு வராது. ஒரு விபரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு கமா. கொழும்புக்கும் கரவெட்டிக்கும் இடையிலான ஒப்பந்தமே அந்தக் கமாதான். நீங்களும் நானும் கமாவைக் கண்டால் கொஞ்சம் மூச்சு விடுவோம். கணினி அடுத்த பெட்டிக்குத் தாவிவிடும்.

முதலில் பிளொப்பியைச் சந்தேகித்தோம். கப்பலில் வெயில் பட்டிருக்கலாம், உப்புக்காற்றுப் பட்டிருக்கலாம்... ஆனால் முன்னும் பின்னும் உள்ள வரிகள் சுகமாகப் போய்ச் சேர்ந்திருக்க, நடுவில் ஒரு வரியை மட்டும் உப்புக்காற்று தேடிப் பிடிக்குமா? அடுத்தது முதலெழுத்துக்குப் பின்னால் வரும் புள்ளி. எல்லாப் புள்ளிகளையும் சுபா எடுத்துப் பார்த்தார். கோப்பின் கடைசியில் வெறும் வரி ஏதும் கிடக்கிறதா என்றும் பார்த்தோம். இல்லை.

ஓவசியர் வாசலில் நின்று ஜெனரேற்றரின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, பிழை ஆப்பிட்டுதோ?"

"இல்லை ஐயா."

"எண்ணெய் முடியுது. நான் அந்தக் காலத்திலை இந்த எண்ணெயிலை ஒரு மைல் றோட்டுக்குத் தார் காய்ச்சியிருப்பன்."

"அப்ப காய்ச்சுங்கோ ஐயா. நாங்கள் அதிலை நடந்து போய்க் கொழும்பிலை குடுக்கிறம்."

ஓவசியர் சிரிக்கவில்லை. ஆனால் ஜெனரேற்றரையும் நிறுத்தவில்லை.

திரையில் பிழை பிடித்து எனக்குப் பழக்கமில்லை. தாளில் எடுத்துத் தாருங்கள் என்றேன். பிறின்ரர் றிபனில் மை செத்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. தாள் தட்டுப்பாட்டால் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சான பத்திரிகையைத் தினமும் வாசிக்கிற கண்ணுக்கு அது போதும். அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்தேன். சிவப்புப் பேனையை எடுத்தேன். பெயர்களை வாசிக்கவில்லை. குறிகளை மட்டும் வாசித்தேன். புரூவ் பார்ப்பவனுக்கு அது கைவந்த வேலை.

ஐந்து விபரத்துக்கு நடுவே நாலு கமா இருக்கவேண்டும். திரும்பி வந்த வரிகள் ஒவ்வொன்றிலும் ஐந்து இருந்தன.

எங்கேயிருந்து வந்தது ஐந்தாவது? மறுபடி வாசித்தபோது தெரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர். கமா போட்டு, ராசன். கமா போட்டு, கண்ணன்.

வீட்டுப் பெயர்.

எங்களுக்கு இது சொல்லித் தரவேண்டியதில்லை. பதிவுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். பள்ளிக்கூட றிப்போட்டிலும் அடையாள அட்டையிலும் ஒருவர். சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது வேறொருவர். என் பதிவுப் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்து பாருங்கள்... பக்கத்து வீட்டுக்காரரே "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை" என்பார்.

ஆள் காணாமல் போய், சங்கத்தில் வந்து பதியும்போது இரண்டு பெயரையும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடியே சுபா எழுதியிருக்கிறார். கணினி, இரண்டாவது பெயரைத் தகப்பன் பெயர்ப் பெட்டியில் போட்டது. தகப்பனைத் தூக்கி வயதுப் பெட்டியில் போட்டது. வயது இருக்கவேண்டிய இடத்தில் 'கந்தசாமி' வந்து நின்றால் எந்தக் கணினி ஒப்புக்கொள்ளும்?

ஒப்புக்கொண்டதும் ஒன்று இருந்தது! தகப்பன் பெயர் விடுபட்டு, வீட்டுப் பெயர் மட்டும் எழுதிய வரி. கமாக்கள் சரியாக நாலு. ஆகவே அது தடையில்லாமல் உள்ளே போயிருந்தது. கொழும்பின் கணக்கில் இப்போது நீர்வேலியைச் சேர்ந்த ஒருவர், பேபி என்பவரின் மகன்.

சுபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தாளை வாங்கி, நான் சிவப்பு வட்டம் போட்ட வரிகளை விரலால் தொட்டுக்கொண்டு போனார். சிரிப்பு நின்றது.

"இது தாய் வந்து பதிஞ்சது சேர். இதும் தாய். இது தமக்கை... இது பெரியம்மா, வந்து நிண்டு அழுதவ."

"வட்டம் போடாதது?"

"இது தகப்பன். ஐடென்ரிக் காட்டைப் பாத்துப் பாத்துச் சொன்னவர். இது தமையன். இது ஊர் விதானையார் எழுதித் தந்தது."

இருபது வருடத்துக்கு மேல் செய்திகளோடு இருக்கிறேன். அந்தச் சின்ன அறையில், மங்கின மையில் படித்ததைப் போல ஒரு செய்தியை நான் படித்ததில்லை. தகப்பன்மார் பதிந்தவர்களைக் கொழும்பு தேடிக்கொண்டிருந்தது. தாய்மாரும் அக்காமாரும் பதிந்தவர்களை யாரும் தேடவில்லை.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கணினியில் அன்புக்கென்று ஒரு பெட்டி இல்லை. அவ்வளவுதான்.

சரி, பிழை தெரிந்துவிட்டது. திருத்தவேண்டும். எனக்கு அது ஒரு நிமிட வேலையாகப் பட்டது. "கமாவை எடுத்துப்போட்டு வீட்டுப் பேரை அடைப்புக்குள்ளை போடும் பிள்ளை. பெயரும் இருக்கும், கமாவும் இராது." சுபா ஒரு வரியைத் திருத்தி, கணினியிலேயே ஒரு வெறும் கோப்பைத் திறந்து அதற்குள் எடுத்துப் பார்த்தார். முரண்டு பிடிக்காமல் போனது. விறுவிறென்று மற்ற வரிகளையும் திருத்தினார்.

அந்த நேரம்தான் யோகம் வந்தார்.

யோகம் முப்பத்தைந்து வயதுப் பெண். சொந்த இடம் அளவெட்டி. அங்கிருந்து இடம்பெயர்ந்து, கரவெட்டியில் ஒரு வீட்டின் முன்னறையில் தையல் மெசின் ஒன்றோடு இருக்கிறார். காணாமல் போனவர் தம்பி, பாலேந்திரன். வெளிநாடு போகவென்று கிளாலி கடந்தவர். வவுனியாவில் இறங்கியதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. தாய் தகப்பன் முன்னரே போய்விட்டார்கள். தம்பியை வளர்த்தவர் யோகம்தான். சந்தைக்குப் போகும்போதெல்லாம் சங்கத்தில் சைக்கிளை நிறுத்தி, "ஏதும் வந்ததோ?" என்று கேட்டுவிட்டுப் போவாராம்.

அன்றும் கேட்டார். சுபா நல்ல செய்தி சொல்லும் அவசரத்தில் இருந்தார். "அக்கா, தம்பியின்ரை வரி போகேல்லையாம். இப்ப திருத்தியாச்சு. பாருங்கோ."

யோகம் குனிந்து திரையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"உதை ஆர் போட்டது?"

"எதை அக்கா?"

"பப்பனுக்கு ரெண்டு பக்கமும் வளைச்சுக் கிடக்கிறதை."

பப்பன் என்பது பாலேந்திரனின் வீட்டுப் பெயர். நான்தான் போடச் சொன்னேன் என்றேன். யோகம் என்னைப் பார்த்தார். யார் என்று சுபா சொன்னார்.

"நீங்கள் பேப்பர்காரரோ? அப்ப உங்களுக்குத் தெரியாதோ ஐயா, உது ஆருக்குப் போடுறது எண்டு?"

எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. உங்களுக்கும் பிடிபட்டிருக்கும்.

எங்கள் பத்திரிகையின் ஒரு பக்கத்தில்தான் வீட்டுப் பெயர் அச்சேறும். பள்ளிக்கூடச் சோதனை முடிவில் ஏறாது. கல்யாண அறிவித்தலில் ஏறாது. மரண அறிவித்தலில் ஏறும். பதிவுப் பெயர் பெரிய எழுத்தில், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் வீட்டுப் பெயர். ஊருக்கு ஆளை அடையாளம் தெரியவேண்டுமே. நானே எத்தனை அடைப்புக்குறிகளைச் சரி பார்த்து அனுப்பியிருப்பேன்! கை தானாகப் போட்டுவிட்டது.

"எடுங்கோ. அவன் இருக்கிறான்" என்றார் யோகம். குரல் உயரவில்லை.

ஓவசியர் உள்ளே வந்தார். "பிள்ளை, அப்ப ஒண்டு செய்வம். வீட்டுப் பேரை எடுத்துவிடுவம். பாலேந்திரன் எண்டு மட்டும் போகட்டும். அரசாங்கத்திலை பப்பன் எண்டு ஒருத்தரும் இல்லைத்தானே?"

"பாலேந்திரன் எண்டு கூப்பிட்டால் அவன் திரும்பிப் பாக்க மாட்டான் ஐயா. பள்ளிக்கூடத்திலையே இடாப்பிலை பேர் கூப்பிடேக்கை ரெண்டாந்தரம்தான் எழும்புவான். வாத்தியார் எனக்கு ஆள் விட்டுச் சொன்னவர், பெடியனுக்குக் காது கேக்கேல்லையோ எண்டு."

யோகம் ஓவசியரை விட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அடிபட்டு, நினைவு தப்பிக் கிடந்தால் அவன் என்ன பேர் சொல்லுவான்? சொல்லுங்கோ. ஐடென்ரிக் காட்டிலை உள்ள பேரோ?"

அந்த வரியில் பப்பன் என்பது சும்மா கிடந்த சொல்லில்லை. ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவர் சொல்லக்கூடிய ஒரே சொல் அதுவாக இருக்கலாம். எடுத்துவிட்டால் வரி போகும், ஆள் அகப்படமாட்டார். கமாவோடு விட்டால், வரியே போகாது.

சுபா வகுப்பில் எழுதிய கொப்பியைக் கொண்டு வந்தார். நானும் அவரும் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். பாதிக்கு மேல் சிவராத்திரி விரதத்தில் எழுதியது போல நித்திரைக் கையெழுத்து. ஒரு பக்கத்தின் ஓரத்தில் ஓர் உதாரணம் கிடந்தது: முகவரி ஒன்று, உள்ளே கமாவோடு, இரு பக்கமும் இரட்டை மேற்கோள் குறி. மேற்கோளுக்குள் கமா இருந்தால் கணினி தாவாது. குறி மூடும்வரை ஒரே பெட்டி என்று எடுத்துக்கொள்ளும்.

சுபா போட்டுப் பார்த்தார். பாலேந்திரன், கமா, பப்பன். இரண்டு பெயரையும் சேர்த்துத் தொடக்கத்திலும் முடிவிலும் மேற்கோள். வெறும் கோப்புக்குள் எடுத்தார். போனது. பெயர்ப் பெட்டியில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள். தகப்பன் தகப்பனின் இடத்தில். வயது வயதின் இடத்தில்.

"உது பரவாயில்லையோ அக்கா?"

யோகம் ஒவ்வொரு குறியாகப் பார்த்தார். "ஓம். உது பரவாயில்லை."

அடைப்புக்குறி போட்ட எல்லா வரிகளையும் சுபா ஒவ்வொன்றாக மாற்றினார். நீர்வேலிக்காரருக்கும் தகப்பன் பெயர் கேட்டு எழுதினார். எண்ணெய் பற்றி ஓவசியர் மூச்சு விடவில்லை. பிளொப்பி அந்தக் கிழமைக் கப்பலில் போனது.

நான் திரும்பி வந்துவிட்டேன். வேலை, செய்தி, தாள் தட்டுப்பாடு... உங்களுக்குத் தெரியும். ஆனால் மரண அறிவித்தல் புரூவ் மேசைக்கு வரும்போது ஒரு நாளும் இல்லாத ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரை முதலில் வாசிப்பேன். பப்பன் இல்லை என்று கண்டபிறகுதான் மற்றதை வாசிப்பேன்.

போன கிழமை ஓவசியர் ஆள் அனுப்பினார். பதில் வந்திருக்கிறது, ஒருக்கால் வந்து போகவும்.

ஆகவே வல்லை வெளி. ஆகவே எதிர்க்காற்று.

நான் போனபோது ஜெனரேற்றர் ஓடவில்லை. அறை சத்தமில்லாமல் இருந்தது. யோகம் எனக்கு முன்பே வந்து கதிரையில் இருந்தார். மேசையில் கொழும்புத் தாள். கறுப்பு மையில், பளிச்சென்ற எழுத்தில், கட்டம் போட்டு அழகாக அடித்திருந்தார்கள். நாங்கள் அனுப்பிய வரிகள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை.

பாலேந்திரனின் வரிக்கு நேரே, கடைசிக் கட்டத்தில்: தகவல் இல்லை.

"தகவல் இல்லை எண்டால் இல்லைதான் பிள்ளை. வேறை ஒண்டுமில்லை" என்று ஓவசியர் சொல்லிக்கொண்டிருந்தார். பலதரம் சொல்லியிருப்பார் போலிருந்தது.

யோகம் கடைசிக் கட்டத்தைப் பார்க்கவேயில்லை. முதல் கட்டத்தில் விரலை வைத்தார்.

பாலேந்திரன். பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், பப்பன்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். சுபா அனுப்பியது மேற்கோள்தான். அது சரியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. அங்கே பதிலைக் கட்டம் போட்டு அடித்த யாரோ, கமாவோடு கிடந்த பெயர்களைக் கண்டு, வடிவாக இருக்கட்டும் என்று அடைப்புக்குள் போட்டிருக்கிறார்கள். வீட்டுப் பெயர் என்று கண்டுபிடிக்க வேற்றூராருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துக் கைதான். எங்கள் பத்திரிகையை வாசித்து வளர்ந்த கையாகவும் இருக்கலாம்.

"இது அங்கை ரைப் பண்ணினவை செய்த வேலை பிள்ளை. ஒரு அர்த்தமும் இல்லை. இஞ்சை பாரும், எல்லாருக்கும்தானே போட்டிருக்கு?" என்றேன்.

யோகம் தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ராசன். கண்ணன். பேபி. எல்லோரும் வளைவுகளுக்குள் இருந்தார்கள்.

"அப்ப, எல்லாருமோ ஐயா?"

நான் சொன்னது அவரைத் தேற்ற. அவருக்கு விளங்கியது வேறு. இல்லை, இல்லை என்று சுபா முன்னால் வந்து கையைப் பிடித்தார். யோகம் அழவில்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"ஐயா, உங்கடை சிவப்புப் பேனையை ஒருக்காத் தாங்கோ."

கொடுத்தேன்.

தம்பியின் பெயருக்கு முன்னால் இருந்த வளைவை வெட்டினார். பின்னால் இருந்ததை வெட்டினார். தையற்காரியின் கை, எழுத்தில் ஒரு கீறல் படவில்லை. பாலேந்திரனுக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டார். நல்ல அழுத்தமாக, வால் வைத்து.

அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. தாளின் தலைப்புக்குப் போனார். முதல் வரியிலிருந்து தொடங்கினார். யார் பெற்ற பிள்ளைகளோ... ஒவ்வொருவருக்கும் இரண்டு வெட்டு, ஒரு கமா. இரண்டு வெட்டு, ஒரு கமா. சங்கத்தின் ஒரே பிரதி அது. ஒரு தாள் கூடப் பழுதாக விடாத ஓவசியர், பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முடிந்ததும் யோகம் பேனையை மூடி, தாளோடு என்னிடம் நீட்டினார்.

"ஒருக்காப் பாருங்கோ ஐயா. ஒண்டும் விடுபடேல்லையே?"

அடிமட்டம் வைத்து, வரி வரியாகப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை.

"சரியா இருக்குது பிள்ளை" என்றேன்.

மேற்கோள் இல்லாத அந்தக் கமாக்களோடு பக்கத்தை அப்படியே அனுப்பினால் எந்தக் கணினியும் ஏற்காது என்பதை மட்டும் சொல்லவில்லை.